பட்டணத்துக் கனவும் பாளையத்துச் சபையும்

சினிமாக் கதைகளில் ஒரு வகை உண்டு. ஏழைப் பையன் ஒருவனுக்குச் சங்கீதத்தில் அளவிறந்த ஆசை உண்டாகிறது. தகப்பன் தடுக்கிறான், அண்டை அயலார் நகைக்கிறார்கள், குரு முதலில் மறுத்துப் பிறகு மனமிரங்கி ஏற்றுக்கொள்கிறார், இடையே பொறாமைக்காரன் ஒருவன் வந்து கலகம் விளைவிக்கிறான், முடிவில் பெரிய நகரத்தில், பெரிய மேடையில், கண்ணைப் பறிக்கும் விளக்குகளின் நடுவே பையன் ஜயம் பெறுகிறான். கொட்டகையிலுள்ள ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறைந்த மனத்தோடு வீடு திரும்புகிறார்கள். முடிவு இன்னதென்று இடைவேளைக்கு முன்பே எவரும் சொல்லிவிடலாம். ஆயினும் ஜனங்கள் இத்தகைய படங்களை வெறுப்பதில்லை. தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. ராமாயணத்தின் முடிவை அறியாதவர் யார்? அதற்காகப் பட்டாபிஷேகத்தன்று கூட்டம் குறைந்துவிடுகிறதா? ஆகையால், முடிவு முன்கூட்டியே தெரிகிறது என்ற ஒரு காரணத்துக்காக ஒரு படத்தைக் குறை கூற நாம் முன்வரவில்லை. நமது விசாரம் வேறு.

2019-ம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் தேதி வெளிவந்த ‘சர்வம் தாளமயம்’ என்ற தமிழ்ப் படம் இவ்வகையைச் சேர்ந்ததே. ஸ்ரீ ராஜீவ் மேனன் கதை எழுதி இயக்கியது. சங்கீதம் ஸ்ரீ ஏ. ஆர். ரஹ்மானுடையது. மிருதங்கம் செய்து பிழைக்கும் ஜான்சன் என்பவரின் மகன் பீட்டர். சினிமா நட்சத்திரம் ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வீதியில் திரிந்த இப்பையன், ஒரு நாள் வேம்பு ஐயர் என்னும் மகாவித்துவானின் வாசிப்பைக் கேட்கிறான். அன்று முதல் அவனுக்கு வேறு நினைவில்லை. தோலைத் தொட்டு வாத்தியத்தைச் செய்கிறவனின் மகன் அந்த வாத்தியத்தை மேடையில் வாசிக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. அவமதிப்பு, குருகுலவாசம், சக சிஷ்யனின் துவேஷம், வெளியேற்றம், தேசாடனம், மறுபடி குருவின் அநுக்கிரகம், கடைசியில் டெலிவிஷன் போட்டியில் வெற்றி என்று கதை நடக்கிறது. பையனாக ஸ்ரீ ஜி. வி. பிரகாஷ் குமாரும், குருவாக 2021-ம் வருஷம் காலஞ்சென்ற ஸ்ரீ நெடுமுடி வேணுவும் நடித்திருக்கிறார்கள்.

இப்படத்தில் பாராட்டத்தக்கது இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தடையில்லை. பலா மரத்தைக் குடைந்து, ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதமாக்கி, வாரை இழுத்துக் கட்டிச் சுருதி கூட்டித் தருகிற தொழிலாளியை நமது சங்கீத உலகம் வெகுகாலம் வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. வாசித்தவரின் பெயர் சரித்திரத்தில் ஏறிற்று; வாத்தியத்தைச் செய்தவனின் பெயர் அவன் தெருவைத் தாண்டவில்லை. இந்த அநீதியைப் பாமர ஜனங்களும் உணரும்படி ஒரு படம் எடுத்துக்காட்டியது நற்காரியமே.

ஆனால் இந்தக் கதையின் முடிவில் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. வெற்றி ஒருவனுக்குத்தானே கிடைக்கிறது? அவனோடு போட்டியிட்டவர்கள் எந்த ரயிலில் ஊருக்குத் திரும்பினார்கள்? திரும்பிய ஊரில் அவர்கள் பாட்டைக் கேட்க யார் இருந்தார்கள்? படம் இதைச் சொல்வதில்லை. விளக்கு அணைந்ததும் நாமும் கேட்பதில்லை. ஒருவன் கரையேறியதைக் கண்டு ஆனந்தப்பட்டு, ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்ற நினைவையே மறந்துவிடுகிறோம். இன்பமான முடிவில் உள்ள அபாயம் இதுதான்.

பீட்டருக்காவது ஒரு சௌகரியம் இருந்தது. அவன் சென்னையிலேயே வாழ்ந்தவன். வித்துவானின் வீடும், சபையும், டெலிவிஷன் நிலையமும் அவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. பெரம்பலூரிலும் அரியலூரிலும் உட்கார்ந்து அப்படத்தைப் பார்த்த பையனின் ஸ்திதி என்ன? சென்னை அவனுக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அரியலூரிலாவது ரயில் நிற்கிறது. ஜில்லாத் தலைநகரமாகிய பெரம்பலூருக்கு இன்னும் ரயில் நிலையமே கிடையாது. 1995-ல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்து பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்து, மறு வருஷமே மீண்டும் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் பிரிந்தது. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டு ஆலையும் அரியலூருக்குப் பெயர் தந்திருக்கின்றன; மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெரம்பலூருக்குப் பெயர் தந்திருக்கின்றன. சங்கீதத்துக்கும் இவ்வூர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று பட்டணத்தார் கேட்கலாம். இவ்வூர்ப் பிள்ளைகளே அவ்வாறு எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் விசனிக்கத்தக்கது.

சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது. ஒரு காலத்தில் தலைநகரமே இங்கே இருந்தது. இன்று அரியலூர் ஜில்லாவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரம், பதினோராம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் நிறுவிய காலம் முதல் ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷம் சோழ சாம்ராஜ்யத்தின் ராஜதானியாக விளங்கிற்று. அவனுடைய தந்தை ராஜராஜன், தஞ்சைப் பெரிய கோயிலின் பணிக்காக நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் பாடல் வல்ல நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியேற்றினான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. பெருநகரம் கலைஞர்களைத் தன்னிடம் இழுப்பது புது விஷயமல்ல என்பதற்கு இதுவே சாக்ஷி. ஆனால் ஒரு வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அழைத்து வந்த ஒவ்வொருத்திக்கும் வீடு ஒன்றும், வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் அரசன் ஏற்படுத்தினான். எந்த வீடு யாருக்கு என்பது கல்லில் வெட்டப்பட்டது. அக்காலத்துக் கோயில் ஊழிய முறை முழுவதையும் நாம் போற்றவில்லை. மீண்டும் வரவேண்டுமென்று விரும்பவும் இல்லை. எனினும், நகரம் அழைத்தால் நகரமே சோறு போடவேண்டும் என்ற நியாயம் அன்று இருந்தது. இன்று நகரம் ஆயிரம் பேரை அழைத்து, ஒருவனுக்கு மாலை போட்டு, மற்றவர்களை வந்த வழியே அனுப்பிவிடுகிறது.

ராஜதானி அழிந்த பிறகும் இப்பிரதேசத்தில் சங்கீதம் அழியவில்லை. அதைக் காத்தது உடையார்பாளையம் ஜமீன். கனம் கிருஷ்ணையர் என்ற மகாவித்துவான் உடையார்பாளையம் தாலுகாவைச் சேர்ந்த திருக்குன்றத்தில் பிறந்தவர். அவர் தஞ்சை ஸம்ஸ்தானத்தில் இருந்தபோது, வடக்கேயிருந்து வந்த பொப்பிலி கேசவையா ‘கனம்’ என்னும் அரிய மார்க்கத்தைப் பாடிக் காட்டினார். அதைக் கடும் உழைப்பினால் கைவரச்செய்து கிருஷ்ணையர் அப்பட்டப் பெயரைப் பெற்றார். சினிமாக் கதையாக இருந்தால் இங்கே திரை விழுந்திருக்கும். உண்மை வாழ்க்கையில் அவர் உடையார்பாளையத்துக்கே திரும்பினார். ஜமீன்தாரின் சபையில் ஆஸ்தான வித்துவானாக இருந்து, தமிழில் அருமையான பதங்களை இயற்றினார். பெரிய ஊரில் பெற்ற வித்தையைச் சொந்த ஊரில் பாடுவதற்கு அவருக்கு ஒரு சபை இருந்தது. அங்கே கேட்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இவ்விரண்டும் இல்லாதிருந்தால் அவரும் திரும்பியிருக்கமாட்டார்.

கிருஷ்ணையரிடம் பாடம் கேட்ட உறவினர் ஒருவர் வேங்கடசுப்பையர். அவர் அரியலூரிலும், குன்னத்திலும், சுற்றிலுமுள்ள கிராமங்களிலும் ராமாயணப் பிரசங்கம் செய்து, அருணாசலக் கவிராயரின் கீர்த்தனைகளைப் பாடி, ஊரார் அன்போடு கொடுத்த தானியத்தையும் பணத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தினார். தம் மகனும் சங்கீதத்தில் வல்லவனாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனுக்கோ தமிழில் தாகம். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊர் ஊராக ஆசிரியர்களைத் தேடி அப்பையன் நடந்தான். பிறகு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தான். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்கத் தொடங்கினான். ஆனால் ஆசிரியருக்கு அது உவப்பில்லை என்றறிந்து விட்டுவிட்டான். தந்தையின் சங்கீதக் கனவு அத்துடன் கலைந்தது.

அந்தப் பையன்தான் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்பதை நேயர்கள் அறிவார்கள். 1880-ல் கும்பகோணம் காலேஜிலும், 1903-ல் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் தமிழாசிரியராக அமர்ந்த அவர், 1892-ல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தார். பழந்தமிழ் இசையின் இலக்கணத்தை இன்று நாம் ஆராய்வதற்கு அந்நூலும் உரையுமே முதல் ஆதாரம். ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தின் ஆராய்ச்சிக்கும் அதுவே துணையாயிற்று. சங்கீதத்தை விட்டுவிட்ட மகன், தமிழ்ச் சங்கீதத்துக்கே அதன் பூர்வ பத்திரத்தைத் தேடிக் கொடுத்தார். எந்தச் சினிமாக் கதாசிரியரும் முன்கூட்டி ஊகிக்க முடியாத முடிவு இது.

இம்முடிவுக்கு வித்திட்டது எந்த நகரம்? எந்த நகரமும் அன்று. ஒரு பாட்டுக்காரரின் குடும்பத்துக்கு மாதக்கணக்காக நெல் அளந்து கொடுத்த குன்னத்து விவசாயிகளும், கூலி கேளாமல் காரிகை கற்பித்த செங்கணத்து ரெட்டியாரும், கார்குடி ஐயங்காருமே அதற்கு வித்திட்டவர்கள். அவர்களில் ஒருவரும் கோடீசுவரர் அல்லர். ‘என் சரித்திர’த்தை 1940-ம் வருஷம் முதல் ஆனந்த விகடனில் எழுதியபோது, முதுமையிலும் அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஐயரவர்கள் நினைவு கூர்ந்தார். பெரம்பலூரும் அரியலூரும் பெற்றிருக்கும் புகழ்ப் பத்திரங்களில் இதைக் காட்டிலும் உயர்ந்தது நமக்குத் தெரிந்து வேறில்லை.

பின் எப்பொழுது இச்சபைகள் கலைந்தன? ஜமீன்களின் செல்வம் குன்றிற்று. ஆதரவு நகரத்துக்குச் சென்றது. 1927-ம் வருஷ முடிவில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதனுடன் அகில இந்திய சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாக மறு வருஷம் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. டிசம்பர் மாதக் கச்சேரிகள் பெருகின. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் இல்லையே என்ற மனக்குறை வளர்ந்து, ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் முதலியோரின் முயற்சியால் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 2017-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் சங்கீதத்துக்காகச் சென்னையைத் தனது படைப்பு நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இவையெல்லாம் தேசத்துக்குப் பெருமை தருவனவே. ஆயினும் பாட்டின் மொழிக்காகப் போராடிய நாம், பாட்டின் ஊருக்காகப் போராடவில்லை. தமிழில் பாடவேண்டும் என்று கேட்டோம்; தமிழ்நாடெங்கும் பாடவேண்டும் என்று அதே பலத்தோடு கேட்கவில்லை.

கிராமியக் கலைகளின் கதியும் இதுவே. 2007-ல் தொடங்கி, இடையே நின்று, 2023-ல் மறுபடி நடத்தப்பட்ட ‘சென்னை சங்கமம்’ என்னும் பொங்கல் விழாவில், ஜில்லாக்களிலிருந்து பறை, தவில், கரகம் முதலிய கலைஞர்களை அழைத்துச் சென்னையின் பூங்காக்களில் ஆடவும் பாடவும் செய்தார்கள். நகரத்தார் கண்டு மகிழ்ந்தார்கள். அது நல்லதே. ஆனால் பறை ஒலித்த ஊரில் பறைக்குக் கிடைக்காத மரியாதையை அது சென்னைக்குப் போய்த்தான் பெறவேண்டுமா? சொந்தக் கிராமத்தில் சாவு வீட்டு வாசலிலேயே நிறுத்தப்படுகிறவன், பட்டணத்தில் சில நாள் கலைஞன் என்று கைதட்டப்பட்டு, ஊர் திரும்பியதும் பழையபடி வாசலில் நிற்கிறான் என்றால், அந்தக் கைதட்டல் யாருடைய மனச்சாந்திக்காக? ‘சர்வம் தாளமய’த்துப் பீட்டரும் தகப்பனாரின் கிராமத்துக்குப் போகும்போது அங்கே ஜாதி என்னும் சுவரைத்தான் சந்திக்கிறான். படத்தில் அவன் அதைத் தாண்டி நகரத்துக்கு வந்து ஜயிக்கிறான். சுவரோ கிராமத்தில் நின்றபடியே நிற்கிறது.

“சிறந்த கலை பெரிய நகரத்தில்தான் வளரும்; போட்டியும், ரஸிகர்களும், பணமும் அங்கேதான் உண்டு” என்று சிலர் வாதிக்கலாம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கிருஷ்ணையரே தஞ்சைக்குப் போகாவிட்டால் கனம் பாடியிருக்கமாட்டார். போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போனவன் திரும்பி வந்து பாட ஓர் இடம் வேண்டும்; போகமுடியாதவன் இருந்த இடத்தில் மானத்தோடு பிழைக்க ஒரு வழி வேண்டும். நாம் கேட்பது இவ்வளவே.

மேல்நாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்த படம் ஒன்று உண்டு. 2018-ல் வெளிவந்த ‘வைல்டு ரோஸ்’ என்பதில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஏழைப் பெண் ஒருத்தி, அமெரிக்காவிலுள்ள நாஷ்வில் என்னும் சங்கீத நகருக்குப் போனாலன்றித் தனக்கு வாழ்வில்லை என்று தவிக்கிறாள். பெருமுயற்சி செய்து அங்கே போயும் சேருகிறாள். தன்னைப் போல் அங்கே எத்தனையோ பேர் என்பதைக் கண்டு, ஊருக்குத் திரும்பி, சொந்த ஊர் மேடையில், சொந்த ஊரைப் பற்றியே பாடுகிறாள். இதுவும் மனத்தைக் குளிர்விக்கும் முடிவுதான். ஆனால் அவள் பாடுவதற்குக் கிளாஸ்கோவில் ஒரு மேடை இருந்தது! அரியலூருக்குத் திரும்பும் பெண்ணுக்கு எங்கே இருக்கிறது?

இனிச் செய்யவேண்டியது என்ன? சர்க்காரின் மேல் பழி போட்டுவிட்டு ஓய்ந்திருப்பது தேசத் தொண்டர்களுக்கு அழகன்று. பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி ஒன்று இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றை மூன்று வருஷப் படிப்பாக அங்கே கற்பிக்கிறார்கள். இப்படி ஒன்று இருப்பதை இவ்விரு ஜில்லாக்களிலும் எத்தனை தகப்பன்மார் அறிவார்கள்? நம் தொண்டர்கள் கிராமந்தோறும் சென்று இதைச் சொல்லவேண்டும். தோட்டக்காரன் மகன், தோல் தொழிலாளி மகன், சிமெண்டு ஆலைக் கூலியின் மகள் எல்லோரும் அங்கே சேரும்படி செய்யவேண்டும்.

படித்து வெளிவருகிறவர்களுக்கு வேலை வேண்டாமா? ஊரிலேயே இருக்கிறது, நாம்தான் கொடுப்பதில்லை. கோயில்களில் பூஜை வேளைக்கு மின்சார மேளத்தை மாட்டியிருக்கிறோம். பொத்தானை அமுக்கினால் மணியும் முரசும் தாமே அடித்துக்கொள்கின்றன. யந்திரத்துக்குப் பசியில்லை, ஆகவே அதை விரும்புகிறோம். கல்யாணத்தில் கெட்டிமேளத்தையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு திருப்தியடைகிறோம். இல்லாவிட்டால் ஆடம்பரத்துக்காக மலையாள தேசத்துச் செண்டையைப் பெரும் பணம் கொடுத்து வரவழைக்கிறோம். உள்ளூர் நாதசுரக்காரரிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இதையெல்லாம் செய்துவிட்டுச் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து ஏழைக் கலைஞனுக்காகக் கண்ணீர் விடுவது என்ன நியாயம்?

ஒவ்வொரு திருவிழாவிலும் ஓர் இரவாவது இவ்விரு ஜில்லாக்களின் கலைஞர்களுக்கே உரியதாக இருக்கட்டும். அந்த மேடையில் நாதசுரமும் பறையும் ஒரே உயரத்தில் ஒலிக்கட்டும். வாசிப்பவருக்கு மாலை போடும்போது வாத்தியம் செய்தவரையும் மேடைக்கு அழைத்து மாலை போடட்டும். பேசிய தொகை பேசிய இரவிலேயே கொடுக்கப்படட்டும். இவற்றுக்குச் சட்டம் வேண்டியதில்லை; பெரும் பொருளும் வேண்டியதில்லை. குன்னத்து விவசாயிகள் நெல் அளந்தபோது எந்தச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தியது?

படம் முடிந்து விளக்கெரியும்போது நாம் அடையும் ஆனந்தம் பொய்யன்று. ஒரு மனிதனின் திறமை அங்கீகாரம் பெறுவதைக் காணும் இயற்கையான ஆனந்தம் அது. அதைக் கொட்டகை வாசலிலேயே உதறிவிட்டு வரவேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம். அதில் கால் பங்கையாவது, வரும் வழியில் கோயில் வாசலில் கேட்பாரின்றி வாசித்துக்கொண்டிருக்கும் தவில்காரருக்குக் கொண்டுவந்து கொடுப்போம். பத்து நிமிஷம் நின்று கேட்போம். சபை என்பது கட்டிடமல்ல. கேட்கிறவர்கள் கூடினால் அதுவே சபை. உடையார்பாளையத்தில் ஒரு காலத்தில் கூடிய அந்தச் சபை மறுபடி கூடும் நாளில், பெரம்பலூர்ப் பையன் சென்னைக்கு ரயிலேறுவது நிர்ப்பந்தத்தினால் இராது. அவனுடைய இஷ்டத்தினால் இருக்கும்.